எலி சொன்ன பாதி உண்மை

காட்டில் குரங்கு செத்து விழுந்தால் மனிதனுக்கும் ஆபத்து என்பது 1957லேயே தெரிந்துவிட்டது. அந்தக் காய்ச்சலை லேபில் எந்த விலங்கை வைத்துப் படிப்பது என்பதில்தான் பல பத்தாண்டுகள் கழிந்தன. அந்தத் தாமதத்தின் விலையை மலைநாட்டுக் கிராமங்கள் இன்றும் கொடுத்துக்கொண்டிருக்கின்றன.

பெங்களூரு விமான நிலையத்தை நோக்கிப் பறக்கும் கார்கள் ஹெப்பாளில் வந்து நெரிசலில் திணறும். அந்தப் பகுதியில்தான் கர்நாடக அரசின் கால்நடை உயிரியல் மருந்து நிறுவனம் இருக்கிறது. ஆடு, மாடு, கோழிகளுக்குத் தடுப்பூசி தயாரிப்பது அதன் அன்றாட வேலை. பல ஆண்டுகளாக அங்கே மனிதர்களுக்கான ஒரு தடுப்பூசியும் தயாரானது. கோழிக் கருவின் செல்களில் வைரஸை வளர்த்து, ஃபார்மலின் கலந்து அதைக் கொன்று, மருந்தாக்கி அனுப்பினார்கள். அது போய்ச் சேர்ந்த இடம் 300 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள ஷிமோகா காடுகளும் அவற்றைச் சுற்றிய மாவட்டங்களும். உலகில் வேறு எங்குமே தயாராகாத தடுப்பூசி அது. கியாசனூர் காட்டு நோய் என்னும் குரங்குக் காய்ச்சலுக்கு எதிராக மக்களிடம் இருந்த முக்கியக் கேடயம் அதுதான்.

2022ல் கர்நாடக சுகாதாரத் துறை அந்தத் தடுப்பூசியை நிறுத்தியது. போதிய பலன் இல்லை என்பது காரணம். ஊசி நின்றது, நோய் நிற்கவில்லை. 2024ன் தொடக்கத்திலும் மலைநாட்டில் உயிர்கள் போயின. இத்தனை ஆண்டுகள் போட்ட ஊசி ஏன் கைவிட்டது என்று கேட்டால் பதில் பல திசைகளில் போகிறது. அதில் ஒரு திசை ஆராய்ச்சிக்கூடத்தின் எலிக் கூண்டில் போய் முடிகிறது.

செத்து விழுந்த குரங்குகள்

கதை 1957ல் தொடங்குகிறது. அன்றைய மைசூர் மாநிலத்தின் ஷிமோகா மாவட்டம், சொரப் தாலுகா. கியாசனூர் காட்டில் குரங்குகள் வரிசையாகச் செத்து விழுந்தன. அதே வேளையில் காட்டுக்குள் போய் வந்தவர்களுக்குக் கடும் காய்ச்சல் கண்டது. மூக்கிலும் ஈறுகளிலும் ரத்தம் கசிந்தது. சிலர் இறந்தார்கள். ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் குரங்குகளையும் மனிதர்களையும் சேர்த்துத் தாக்கும் மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள் நுழைந்துவிட்டதோ என்ற பீதி எழுந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலும் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் அறக்கட்டளையும் சேர்ந்து 1952ல் புனேயில் தொடங்கிய வைரஸ் ஆராய்ச்சி மையத்தின் குழுவினர் காட்டுக்கு விரைந்தார்கள். டெல்ஃபோர்டு வொர்க், ஹெரால்டு டிரபீடோ போன்றவர்கள் அதில் இருந்தார்கள். அவர்கள் கண்டது மஞ்சள் காய்ச்சலை அல்ல, அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸை. அதைப் பரப்புவது உண்ணி. வைரஸின் நெருங்கிய உறவுக்காரனோ ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி ரஷ்யக் காடுகளில் மூளைக்காய்ச்சலை உண்டாக்கும் வைரஸ்.

உள்ளூர்க்காரர்கள் கன்னடத்தில் வைத்த பெயர் எளிமையானது: மங்கன காயிலே, குரங்கு நோய். பெயர் குரங்குக்குப் போனாலும் குற்றவாளி குரங்கு இல்லை. அதுவும் மனிதனைப் போலப் பலியாவதுதான். வைரஸ் எலி, மூஞ்சூறு போன்ற சிறு பிராணிகளிடமும் உண்ணிகளிடமும் சத்தமில்லாமல் சுற்றி வருகிறது. குரங்கின் உடலில் ஏறும்போது அதன் ரத்தத்தில் மளமளவென்று பெருகுகிறது. குரங்கு இறந்ததும் அதன் மேல் இருந்த உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே சிதறுகின்றன. விறகு பொறுக்கவோ, பாக்குத் தோட்டத்துக்குச் சருகு அள்ளவோ, மாடு மேய்க்கவோ அந்தப் பக்கம் போகிறவர் காலில் அவை ஏறுகின்றன. நவம்பர், டிசம்பரிலிருந்து மே வரை, கண்ணுக்குச் சரியாகத் தெரியாத இளம் உண்ணிகள் பெருகும் காலம். நோய்க் காலமும் அதுதான்.

கடிபட்ட சில நாட்களில் திடீரென்று காய்ச்சல் ஏறும். தலை பிளக்கும். உடம்பு முறித்துப் போட்டது போல வலிக்கும். ரத்தத்தில் பிளேட்லெட்டும் வெள்ளணுக்களும் குறையும், ரத்த அழுத்தம் இறங்கும், சிலருக்கு ரத்தம் கசியும். பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் தேறிவிடுவார்கள். ஆனால் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்குக் காய்ச்சல் மறுபடி வந்து, இரண்டாம் சுற்றில் மூளையைத் தாக்குகிறது. நோய் கண்டவர்களில் 3 முதல் 5 சதவீதம் பேர் இறக்கிறார்கள். இதற்கென்று தனி மருந்து இன்றுவரை இல்லை.

எலி எங்கே உதவியது, எங்கே கைவிட்டது

புதிய வைரஸ் ஒன்று கிடைத்தால் விஞ்ஞானிக்கு உடனே தேவைப்படுவது ஒரு மாதிரி விலங்கு. மனிதனுக்கு வரும் நோய் அப்படியே அந்த விலங்குக்கும் வர வேண்டும். அப்போதுதான் வைரஸ் எந்த உறுப்பை முதலில் பிடிக்கிறது, ரத்தம் ஏன் கசிகிறது, மருந்து எந்த நாளில் கொடுத்தால் பலிக்கும், தடுப்பூசி உண்மையிலேயே காக்குமா என்பதையெல்லாம் பார்க்க முடியும். நோயாளியிடம் இவற்றைச் சோதிக்க முடியாது. அவர் ஆஸ்பத்திரிக்கு வரும்போது முதல் சில நாட்களின் கதை முடிந்திருக்கும்.

புனே குழுவுக்குக் கைகொடுத்தது வெள்ளெலி. செத்த குரங்கின் உறுப்புகளிலிருந்தும் நோயாளியின் ரத்தத்திலிருந்தும் எடுத்ததை எலிக் குட்டிகளுக்குள் செலுத்தியபோது குட்டிகள் நோயுற்று இறந்தன. அதை வைத்துத்தான் வைரஸைப் பிரித்தெடுத்தார்கள். எலி மலிவு, சீக்கிரம் பெருகும், சிறிய கூண்டு போதும். வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதில் எலி தோற்கவே இல்லை.

ஆனால் எலி இறக்கும் விதம் வேறு. அதன் உடலில் வைரஸ் மூளையைத் தேடிப் போகிறது. கால்கள் செயலிழந்து எலி சாகிறது. மனிதனிடம் முதல் சுற்றில் தெரியும் ரத்தக்கசிவு எலியிடம் தெரிவதில்லை. 2014ல் வெளியான ஆய்வுகள் பல வகை ஆராய்ச்சி எலிகளைச் சோதித்துப் பார்த்தும் படம் பெரிதாக மாறவில்லை. எலிக்கு வருவது பெரும்பாலும் மூளைக்காய்ச்சல். காட்டுக்குள் போனவருக்கு முதலில் வருவது ரத்தக்கசிவுக் காய்ச்சல். ஒரே வைரஸ், இரண்டு நோய்கள்.

இந்த இடைவெளி காகிதத்தில் மட்டும் நிற்கவில்லை. நோய் கண்டுபிடிக்கப்பட்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே முதல் தடுப்பூசி முயற்சி நடந்தது. வைரஸ் ரஷ்ய மூளைக்காய்ச்சல் வைரஸின் உறவு என்பதால், அந்த நோய்க்கு எலி மூளையில் தயாரித்த தடுப்பூசியையே ஷிமோகா மக்களுக்குப் போட்டுப் பார்த்தார்கள். அது காக்கவில்லை. பிறகு 1960களில் கியாசனூர் வைரஸையே கோழிக் கருச் செல்களில் வளர்த்துக் கொன்ற தடுப்பூசி உருவானது. பிற்காலத்தில் ஹெப்பாளில் தயாரானது இதன் வழியில் வந்ததுதான்.

இந்த ஊசிக்கு வீரியம் இருக்கிறதா என்று பார்ப்பதும் எலியில்தான். ஊசி போட்ட எலிகளுக்குள் உயிருள்ள வைரஸைச் செலுத்துவார்கள். ஊசி போடாதவை சாகவும் போட்டவை பிழைக்கவும் செய்தால் தேர்வு பாஸ். எலியை மூளைக்காய்ச்சலிலிருந்து காப்பாற்றும் திறன் ஊசிக்கு உண்டு என்பதை இது நிரூபிக்கும். உண்ணி கடித்த மனிதனின் ரத்தத்தில் வைரஸ் பெருகுவதை அது தடுக்குமா, எத்தனை மாதம் தடுக்கும் என்ற கேள்விகளுக்கு எலி பதில் சொல்லாது.

அந்தப் பதிலைக் காடுதான் சொன்னது. 1990-92ல் மூன்று மாவட்டங்களில் நடந்த கள ஆய்வு நம்பிக்கை தந்தது. ஒரு ஊசி போட்டவர்களுக்கு 79.3 சதவீதமும், இரண்டு போட்டவர்களுக்கு 93.5 சதவீதமும் பாதுகாப்பு என்று அது கணக்கிட்டது. ஆனால் 2005 முதல் 2010 வரையிலான நோய்க் காலங்களை அலசி 2013ல் வெளியான ஆய்வு வேறு கணக்கைக் காட்டியது. ஒற்றை ஊசியால் பயனில்லை. இரண்டு ஊசிக்கு 62.4 சதவீதம். அதற்கு மேல் பூஸ்டரும் போட்டுக்கொண்டவர்களுக்கு 82.9 சதவீதம். ஒரு மாத இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு பூஸ்டர், அதற்குப் பின் ஆண்டுதோறும் பூஸ்டர் என்று நீளும் அட்டவணை. ஊசியோ கடுமையாக வலிக்கும். முதல் ஊசிக்கு வந்தவர்களில் பலர் அடுத்ததற்கு வரவில்லை. முழு அட்டவணையையும் முடித்தவர்கள் கொஞ்சம் பேர்தான்.

பெட்டிக்குள் தூங்கிய பதில்

இதில் வேதனை என்னவென்றால், சரியான விலங்கு எது என்பது தொடக்கத்திலேயே கண்ணெதிரே இருந்தது. நோயை உலகுக்கு அறிவித்ததே குரங்குதான். தென்னிந்தியக் கோயில்களிலும் சாலை ஓரங்களிலும் சுற்றும் நாட்டுக் குரங்கு, கறுப்பு முகம் கொண்ட அனுமன் மந்தி என இரண்டு இனங்களும் காட்டில் இந்த நோயால் மடிந்தன.

புனேயில் தொடக்க காலத்திலேயே இந்த இரண்டு இனங்களுக்கும் வைரஸைச் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். குரங்கின் ரத்தத்தில் 11 நாள் வரை வைரஸ் தங்கியது. 82 முதல் 100 சதவீதம் வரை குரங்குகள் இறந்தன. மலேயாவில் கண்டுபிடிக்கப்பட்ட லங்கட் என்ற சாதுவான உறவு வைரஸை முதலில் செலுத்திய குரங்குகள், பிறகு கியாசனூர் வைரஸ் ஏறியபோது தாக்குப்பிடித்தன என்பதும் தெரிந்தது. உயிருள்ள, பலவீனமான வைரஸைக் கொண்டு தடுப்பூசி செய்யலாமா என்ற யோசனைக்கு இது பெரிய குறிப்பு. ஆனால் இந்த விவரங்கள் முழுக் கட்டுரையாக அச்சேறியது 2012ல். எழுதியவர்களில் ஒருவர், அன்று புனேயில் பணியாற்றிப் பின்னர் அமெரிக்காவில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வைரஸ் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற கீர்த்தி ஷா.

குரங்கு ஆராய்ச்சி தொடராமல் போனதற்குக் காரணங்கள் உண்டு. முதலாவது, உயிர்ப் பயம். இந்த வைரஸைக் கையாண்ட ஆராய்ச்சிக்கூட ஊழியர்களுக்கே நோய் தொற்றியிருக்கிறது. எலியைக் கையாள்வதும் கடிக்கும், பிறாண்டும் குரங்கைக் கையாள்வதும் ஒன்றல்ல. இத்தகைய வைரஸ்களுக்கான மிக உயர்ந்த பாதுகாப்பு கொண்ட, நான்காம் நிலை ஆராய்ச்சிக்கூடம் இந்தியாவுக்கு முதன்முதலில் கிடைத்ததே 2012ல்தான். அதுவும் புனேயில், தேசிய வைராலஜி நிறுவனமாகப் பெயர் மாறிவிட்ட அதே மையத்தில்.

இரண்டாவது, குரங்கு கிடைப்பது. காட்டில் பிடித்த குரங்குக்கு ஏற்கெனவே இந்தக் காய்ச்சல் வந்து போயிருந்தால் பரிசோதனையே பொய்யாகிவிடும். ரத்தத்தைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, தனியே வளர்த்துப் பராமரிக்க வேண்டும். மூன்றாவது, அனுமதி. பெரிய விலங்குகளில் பரிசோதனை நடத்த மத்திய அரசின் கண்காணிப்புக் குழு ஒப்புதல் தர வேண்டும். அனுமனாக வணங்கும் விலங்குக்கு ஊசி குத்துவதில் உள்ள சங்கடமும் சேர்ந்துகொள்கிறது. ஆனால் அதே குரங்குகள் ஒவ்வொரு நோய்க் காலத்திலும் காட்டில் கேட்பாரின்றிச் செத்துக்கொண்டிருக்கின்றன. நல்ல தடுப்பூசியின் முதல் பயன் மனிதனுக்கு என்றாலும், நோயின் பாதையைப் புரிந்துகொள்வது குரங்குக்கும் நல்லதுதான்.

பன்றிவால் குரங்கு தந்த துப்பு

கதவு மெல்லத் திறந்திருக்கிறது. 2020ல் புனே விஞ்ஞானிகள் நாட்டுக் குரங்கில் நடத்திய ஆய்வு வெளியானது. வைரஸ் எத்தனை நாள் ரத்தத்தில் இருக்கிறது, எந்த உறுப்புகளில் தங்குகிறது, எதிர்ப்புப் பொருள் எப்போது தோன்றுகிறது என்று இந்த முறை நவீன கருவிகளோடு பின்தொடர்ந்தார்கள்.

அடுத்த ஆண்டு, 2021ல், அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஹாமில்டன் நகரில் உள்ள ராக்கி மவுன்டன் ஆராய்ச்சிக்கூடம் இன்னொரு குரங்கை முன்வைத்தது. தென்கிழக்கு ஆசியாவின் பன்றிவால் குரங்கு. அதைத் தேர்ந்தெடுத்தது குருட்டாம்போக்கில் அல்ல. ட்ரிம்-5 என்ற புரதம் சில குரங்குகளின் செல்களுக்குள் காவலாளி போல நின்று இந்த வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது என்று அதே ஆராய்ச்சிக்கூடத்தினர் முன்பே கண்டிருந்தார்கள். ஆராய்ச்சிகளில் அதிகம் பயன்படும் ரீசஸ் குரங்கிடம் இந்தக் காவல் பலமாக உண்டு. பன்றிவால் குரங்கிடம் அந்தக் காவல் இல்லை. எதிர்பார்த்தபடியே அதன் உடலில் வைரஸ் பெருகி, மனித நோயின் சாயல் தெரிந்தது. கியாசனூர் வைரஸின் உடன்பிறப்பான சவூதி அரேபியாவின் அல்குர்மா வைரஸையும் இதே குரங்கில் படிக்க முடிந்தது.

ஒரு புரதம் இருப்பதா இல்லாததா என்பதில் ஒரு மாதிரி விலங்கின் தலைவிதி அடங்கியிருக்கிறது. எலி ஏன் பாதி உண்மை மட்டும் சொன்னது என்பதும் இங்கே புரிகிறது. ஒவ்வொரு இனத்தின் உடலும் வைரஸுக்கு வேறு வேறு கதவுகளைத் திறக்கிறது. குரங்கும் முழு உண்மையைச் சொல்லிவிடும் என்று சொல்ல முடியாது. லேபில் வைரஸ் ஊசி வழியே போகிறது. காட்டில் அது உண்ணியின் உமிழ்நீரோடு சேர்ந்து போகிறது. கடித்த இடத்தின் நோய் எதிர்ப்பை மங்கச் செய்வது அந்த உமிழ்நீரின் வேலை.

எபோலா காட்டிய வழி

மற்ற ரத்தக்கசிவுக் காய்ச்சல்களின் கதையும் இப்படித்தான். 2011 ஜனவரியில் குஜராத்தில் தலைகாட்டி, சிகிச்சை தந்த டாக்டரையும் நர்ஸையும் சேர்த்துப் பலிகொண்ட கிரிமியன்-காங்கோ காய்ச்சலின் வைரஸை ஆரோக்கியமான வளர்ந்த எலிக்குள் செலுத்தினால் எலி படுப்பதில்லை. எலியின் எதிர்ப்புச் சக்தியை முடக்கினால்தான் நோய் வரும். அப்படி முடக்கிய எலியில் தடுப்பூசியை எடைபோடுவது எவ்வளவு சரி என்ற கேள்வி எப்போதும் நிற்கும். எபோலாவும் சாதாரண எலியைக் கொல்லாது.

எபோலா விஷயத்தில் குரங்கு வழிகாட்டியது. கால்நடைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் மேல் எபோலாவின் புரதத்தை ஒட்டி உருவாக்கிய தடுப்பூசி குரங்குகளைக் காப்பாற்றியது என்று 2005ல் அறிக்கை வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014ல் எபோலா வெடித்துப் பரவி 11,000க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றபோது அந்த ஊசி அலமாரியில் தயாராக இருந்தது. 2015ல் கினி நாட்டில் மனிதர்களிடம் சோதித்தார்கள், பலித்தது. குரங்குப் பரிசோதனை முன்பே முடிந்திராவிட்டால் அந்த வேகம் சாத்தியமே இல்லை.

அதே தொழில்நுட்பத்தில் கியாசனூர் காய்ச்சலுக்கும் ராக்கி மவுன்டனில் ஒரு தடுப்பூசி உருவாகியிருக்கிறது. 2021ல் எலிகளைக் காத்தது. அடுத்த கட்டமாகப் பன்றிவால் குரங்கிலும் சோதித்தார்கள். இந்தியாவில், ஐசிஎம்ஆர் ஹைதராபாத்தின் இந்தியன் இம்யூனாலஜிக்கல்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதிய தடுப்பூசி உருவாக்கும் முயற்சியில் இறங்கியிருப்பது 2024ல் தெரியவந்தது.

இந்த முறை மாதிரி விலங்கு முன்னெப்போதையும்விட முக்கியம். காரணம் எண்ணிக்கை. எபோலாவைப் போல ஆயிரக்கணக்கில் வரும் நோயல்ல இது. சராசரியாக ஆண்டுக்கு 400, 500 பேர். ஒரு வருடம் ஒரு கிராமத்தில் வெடிக்கும், அடுத்த வருடம் அங்கே சத்தமே இருக்காது. இப்படிப்பட்ட நோய்க்கு ஊசி பலித்ததா என்று மனிதர்களிடம் மட்டும் கணக்கெடுக்கப் பல ஆண்டுகள் ஆகும். குரங்கிடம் கிடைக்கும் நம்பகமான பதிலும், மனிதர்களின் ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளின் அளவும் கைகோத்தால்தான் காத்திருப்பு குறையும்.

நீலகிரிக்கும் வந்த எச்சரிக்கை

இது ஷிமோகாவின் பிரச்சினை மட்டும் என்று நினைத்த காலமும் போய்விட்டது. 2012ல் பந்திப்பூர் காட்டில் குரங்குகள் செத்தன, அவற்றைக் கையாண்டவர்களுக்கு நோய் வந்தது. அதையொட்டி நீலகிரியில் இறந்த குரங்குகளிலும் வைரஸ் தென்பட்டது. 2015ல் வயநாட்டில் பழங்குடியினர் பெருமளவில் பாதிக்கப்பட்டார்கள். அதே சமயத்தில் கோவாவிலும், அடுத்து மகாராஷ்டிரத்தின் சிந்துதுர்க் மாவட்டத்திலும் நோய் கால்பதித்தது. முதுமலையும் பந்திப்பூரும் வயநாடும் ஒரே காடு. மாநில எல்லை வரைபடத்தில் இருக்கிறது, உண்ணிக்குத் தெரியாது.

அடுத்து எங்கே வெடிக்கும் என்று கணிக்கும் வேலையும் பெங்களூரில் நடந்திருக்கிறது. ஏட்ரீ என்ற சுற்றுச்சூழல் ஆராய்ச்சி அறக்கட்டளையும், எலகங்காவில் உள்ள தேசிய கால்நடை நோய்ப் பரவலியல் நிறுவனமும் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து காடு, தோட்டம், கால்நடை, மக்கள் நடமாட்டம் ஆகியவற்றை வைத்து ஆபத்துப் பகுதிகளின் வரைபடம் தயாரித்தன. எங்கே கவனம் வேண்டும் என்பதை வரைபடம் காட்டும். அங்கே போய் எந்த ஊசியைப் போடுவது என்பதைத்தான் அது காட்டாது.

இப்போதைக்குக் காட்டோரத்து மக்களிடம் இருப்பது எண்ணெய்தான். குவாலியரின் பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் உருவாக்கிய டீபா என்ற பூச்சிவிரட்டியைச் சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகக் கொடுக்கிறார்கள். காட்டுக்குப் போகும் முன் கை, கால்களில் தடவ வேண்டும். திரும்பி வந்ததும் வெந்நீரில் குளித்து, துணிகளை அலச வேண்டும். குரங்கு செத்துக் கிடந்தால் தொடாமல் தகவல் சொல்ல வேண்டும்.

அதாவது, 1957ல் போலவே இன்றும் முதல் எச்சரிக்கை மணியை அடிப்பது குரங்குதான். காட்டில் அது செத்து விழுந்து சொல்லும் செய்தியை நாடு அன்றே புரிந்துகொண்டது. லேபில் அது சொல்லக்கூடிய செய்தியைக் கேட்கத்தான் இத்தனை காலம் பிடித்தது. அதற்குள் ஒரு தடுப்பூசி வந்து, தோற்று, ஓய்வும் பெற்றுவிட்டது. புதிய ஊசி வரும்போது அது எலியிடம் மட்டும் வாங்கிய சான்றிதழோடு வரக் கூடாது என்பதே அறுபது ஆண்டுக் கதை சொல்லும் பாடம். மலைநாட்டுக்காரர்களுக்கு இதில் பொறுமை காட்ட நேரமில்லை. ஒவ்வொரு டிசம்பரிலும் உண்ணிகள் தவறாமல் வந்துவிடுகின்றன.